ஓபிஆரோடு ஏறி இறங்கும் வணிகக் கடன்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தளவாடக் கடை நடத்துகிறேன். ரப்பர் பால் வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு, பால் உறைய வைக்கும் அமிலம், செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள், உரம், களைக்கொல்லி ஆகியவை என் சரக்கு. 2018-இல் கடையை விரிவாக்குவதற்காக, ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு வணிக வங்கியிடம் பத்தாண்டுத் தவணையில் 120,000 ரிங்கிட் கடன் வாங்கினேன். இதன் வட்டி நிலையானதன்று. வங்கியின் அடிப்படைக் கடன் விகிதத்தோடு இது கட்டப்பட்டிருக்கிறது. அந்த விகிதமோ மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவிக்கும் ஓபிஆரை (ஓரிரவுக் கொள்கை வட்டி விகிதம்) பின்பற்றி ஏறவும் இறங்கவும் செய்கிறது. எல்லா வணிக வங்கிகளிலும் ஏறத்தாழ இதே அமைப்பில் இந்தக் கடன் கிடைப்பதால் வங்கியின் பெயர் இங்குத் தேவைப்படவில்லை.

வாங்கிய நாளிலிருந்து இந்தக் கடன் மூன்று பெரிய வட்டி மாற்றங்களைக் கடந்து வந்திருக்கிறது: 2020-இன் வீழ்ச்சி, 2022-23-இன் ஏற்றம், 2025-இன் சிறு இறக்கம். மத்திய வங்கி பணத்தின் விலையை, அதாவது வட்டியை, குறைத்தால் வியாபாரம் உயிர்பெறும் என்று செய்திகளில் சொல்லப்படுவது, ஒரு தோட்டப்பட்டணத்துக் கடையில் எந்த அளவுக்கு உண்மையாகிறது என்பதை இத்தனை ஆண்டுகளாக என் கணக்குப் புத்தகத்திலேயே பார்க்க முடிந்தது. ஆகவே கடனை மதிப்பிடும்போது, அதைப் பின்னாலிருந்து இயக்கும் கொள்கையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. ஓபிஆர் மாறியதும் புதிய தவணைத் தொகையைத் தெரிவிக்கும் கடிதம் தாமதமின்றி வந்துவிடுகிறது. ஏற்றத்தை உடனே கூட்டிவிட்டு இறக்கத்தை மட்டும் தாமதப்படுத்தும் வேலை என் கணக்கில் நடக்கவில்லை. கிளையில் இருந்த அதிகாரி ஒப்பந்தத்தைத் தமிழிலேயே விளக்கி, மூன்றாண்டுக்குப் பிறகு முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது என்ற பிரிவையும் தாமாகவே எடுத்துக் காட்டினார். இந்த அளவில் இதை நல்ல சேவை என்றே சொல்வேன்.

கடனின் உண்மையான சோதனை 2020-இல் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 3.00 விழுக்காடாக இருந்த ஓபிஆர், ஜனவரி, மார்ச், மே, ஜூலை என்று நான்கு முறை குறைக்கப்பட்டு 1.75 விழுக்காட்டுக்கு வந்தது. 2004-இல் ஓபிஆர் முறை தொடங்கியதிலிருந்து அது இவ்வளவு தாழ்ந்ததே இல்லை. உலக நிதி நெருக்கடியின்போதுகூட, 2009-இல், 2.00 விழுக்காட்டோடு நின்றது. அப்போது என் கடன் பாக்கி ஏறத்தாழ ஒரு லட்சம் ரிங்கிட். நான்கு குறைப்புகளும் சேர்ந்து என் மாதத் தவணையைக் குறைத்தது 60 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். இதே குறைப்பு, முப்பதாண்டுத் தவணையில் 200,000 ரிங்கிட் வீட்டுக் கடன் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு மாதம் 140 ரிங்கிட் அளவில் மிச்சப்படுத்தியிருக்கும். நாட்டின் மத்திய வங்கி தன் வரலாற்றில் காணாத அளவுக்கு வட்டியைத் தாழ்த்தியதன் முழுப் பலனும், என் கடையின் அளவில், ஒரு மூட்டைக் கலப்பு உரத்தின் விலையை எட்டவில்லை.

தொகை சிறியது என்பது மட்டும் இங்கே பிரச்சினையன்று. மார்ச் 18 அன்று, கோவிட் பரவலைத் தடுப்பதற்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மங்கில் உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பாலை எடுத்துச் செல்ல வண்டி வராத வாரங்களில் சிறுதோட்டக்காரர்கள் மரத்தில் பால் வெட்டவில்லை; வெட்டாதவருக்குக் கத்தியும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டவர் வாடிக்கையாளர். கடன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வாடிக்கையாளரைக் கொண்டுவரவில்லை. இலையுதிர்ந்து பால் வற்றிய பருவத்தில் கத்தியை எவ்வளவு தீட்டினாலும் மங்கு நிறையாது என்பது பால் வெட்டும் எல்லாருக்கும் தெரியும்.

உதவி வேறு இரு வழிகளில் வந்தது; இரண்டையும் வட்டிக் குறைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை வங்கிகள் அளித்த ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு. விண்ணப்பம் ஏதுமின்றித் தானாகவே கிடைத்த அந்த ஒத்திவைப்பு, மாதம் 60 ரிங்கிட்டுக்குப் பதிலாக முழுத் தவணையையும் கையில் விட்டது. வட்டி தொடர்ந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. என் கணக்கில் அது ஏறத்தாழ 3,000 ரிங்கிட். ஆனால் கடை மூடியிருந்த காலத்தில் கையில் பணம் இருப்பதற்கு அந்த விலையைக் கொடுத்தது நியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். இரண்டாவது, அரசாங்கத்தின் பிரிஹாத்தின் உதவித் தொகை: மாதம் 4,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் ஈட்டும் குடும்பங்களுக்கு 1,600 ரிங்கிட், இரண்டு தவணைகளில். அந்தப் பணம் கணக்கில் ஏறியவுடன் என் பற்றுவரவு ஏட்டில் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்த பெயர்கள் அடிக்கப்படத் தொடங்கின. பக்கத்து மளிகைக் கடைக்காரரும் அரிசி, மாவு, பால்மாவு போன்றவற்றின் விற்பனை அந்த வாரங்களில்தான் எழுந்தது என்றார். திருப்பிச் செலுத்த வேண்டாத பணம், அதைச் செலவழித்தே ஆக வேண்டிய கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் கடைவீதி அப்போது கண்டது. இது நிதி அமைச்சின் கருவி. மத்திய வங்கியிடம் இந்தக் கருவி இல்லை.

மத்திய வங்கியும் வட்டியோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்று பேங்க் நெகாரா அவ்வாண்டு ஒரு சிறப்பு நிவாரணக் கடன் நிதியை வைத்தது. வட்டி அதிகபட்சம் 3.5 விழுக்காடு, ஒரு நிறுவனத்துக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை, ஐந்தரை ஆண்டுத் தவணை, கடனில் 80 விழுக்காட்டுக்கு உத்தரவாதம். தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த கடன் கிடைக்காது. ஆனால் எங்கள் கடைவீதியில் இதைப் பெறும் நிலையில் இருந்தவர்கள் சிலரே. கோயில் வாசலில் பூ கட்டி விற்பவருக்கும், வீட்டிலிருந்து தைக்கும் தையல்காரருக்கும், சந்தையில் பலகாரம் போடுபவருக்கும் வங்கி கேட்கும் கணக்கறிக்கைகள் கிடையா. கணக்கறிக்கை வைத்திருந்த என் போன்றவர்களுக்கோ, அந்தப் பணத்தை வாங்கி எந்தச் சரக்கை நிரப்பி யாருக்கு விற்பது என்ற கேள்வி இருந்தது. மீதி 20 விழுக்காட்டு அபாயம் தன்மேல் இருந்ததால் வங்கியும் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டது. வாங்கத் துணிந்தவருக்குத் தகுதியில்லை, தகுதியுள்ளவருக்குத் தேவையில்லை. இந்த இடைவெளியை வட்டி விகிதம் நிரப்பாது.

தோட்டப்பட்டணத்து மக்களின் கடன்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால், ஓபிஆர் இங்கே எவ்வளவு குறைவாகத் தொடுகிறது என்பது இன்னும் தெளிவாகும். கார், மோட்டார் சைக்கிள் வாடகைக் கொள்முதல் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பவை. ஓபிஆர் எவ்வளவு இறங்கினாலும் பழைய தவணை மாறாது. நகையை அடகு வைத்தால் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி மாதம் 2 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 24. பேங்க் நெகாராவின் கூட்டம் எப்படி முடிந்தாலும் அடகுக் கடைச் சீட்டில் அந்த எண் அப்படியே இருக்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைகளுக்கு உச்சவரம்பு, பிணையுடன் 12 விழுக்காடு, பிணையின்றி 18 விழுக்காடு. உரிமம் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவசரத்துக்குக் கூட்டு (சீட்டு) பிடிப்பவர்களின் ஏலத்தையும் மத்திய வங்கி நிர்ணயிப்பதில்லை. மறுபுறம், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் வைப்பில் போட்டிருக்கும் 50,000 ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு குறைந்தால் ஆண்டுக்கு 625 ரிங்கிட் வருமானம் போய்விடுகிறது. அவர் அந்த அளவுக்குச் செலவைக் குறைக்கிறார். அந்தக் குறைவு எங்கள் கடைகளில்தான் தெரிகிறது. வட்டிக் குறைப்புக்கு இப்படி ஒரு மறுபக்கம் உண்டு என்பது தலைநகரச் செய்திகளில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இவையெல்லாம் எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நிலைமை என்று சிலர் கருதலாம். ஜப்பானின் அனுபவத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில் நிலமும் பங்குகளும் விழுந்த பிறகு, ஜப்பானின் மத்திய வங்கி 1999-இல் வட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது. 2001-இல் கடன் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கி வங்கிகளில் பணத்தை நிரப்பும் முறையை உலகிலேயே முதலில் அதுதான் கையாண்டது. 2013 ஏப்ரலில் ஆளுநர் ஹாருஹிகோ குரோடா, ஈராண்டில் 2 விழுக்காட்டுப் பணவீக்கத்தைக் கொண்டுவருவதாக உறுதியளித்து, பத்திரக் கொள்முதலைப் பன்மடங்காக்கினார். ஈராண்டு கழிந்தும் இலக்கு எட்டவில்லை. 2016 ஜனவரியில் வட்டி பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 விழுக்காட்டுக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டியையும் பூச்சியத்தையொட்டிப் பிடித்துவைக்கும் முறை வந்தது. நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பையே மிஞ்சும் அளவுக்கு மத்திய வங்கியின் சொத்துகள் பெருகின. அப்படியும், 2 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்த பணவீக்கம் 2022-இல்தான் வந்தது. அதைக் கிளப்பியது இறக்குமதி எரிபொருள், உணவு ஆகியவற்றின் விலையும் யென்னின் வீழ்ச்சியுமே. மைனஸ் வட்டி 2024 மார்ச்சில் கைவிடப்பட்டது. அதுவே 2007-க்குப் பிறகு ஜப்பான் கண்ட முதல் வட்டி உயர்வு.

ஜப்பானிய நிறுவனங்கள் ஏன் பூச்சிய வட்டியிலும் கடன் வாங்கவில்லை என்பதற்கான விடை, ஒரு சிறு கடைக்காரருக்கு உடனே புரியும். சொத்தின் மதிப்பு விழுந்து கடன் மட்டும் நின்றுவிட்டால், எந்த முதலாளியும் முதலில் செய்வது பழைய கடனை அடைப்பதுதான். புதிய கடன் இலவசமாகவே கிடைத்தாலும், விற்பனை எழும் என்ற நம்பிக்கை இல்லாதபோது அதை வாங்க மாட்டார். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் ஒரே காலத்தில் கடனை அடைப்பதில் இறங்கினால், மத்திய வங்கி ஊற்றும் பணம் வங்கிகளின் இருப்பாகவே தங்கிவிடும்.

அமெரிக்காவில் அதுவே வேறு உருவில் நடந்தது. 2008-இன் நடுவில் ஒரு டிரில்லியன் டாலருக்கும் குறைவாக இருந்த அந்நாட்டு மத்திய வங்கியின் சொத்துக் கணக்கு, 2015-க்குள் ஏறத்தாழ 4.5 டிரில்லியனுக்கும், 2022-இல் ஏறத்தாழ 9 டிரில்லியனுக்கும் வளர்ந்தது. முதல் சுற்றில் அதன் பெரும்பகுதி வங்கிகளின் உபரி இருப்பாக மத்திய வங்கியிடமே திரும்பி வந்து தங்கியது. பங்கு விலை ஏறியது, வீட்டு விலை ஏறியது. பங்கும் வீடும் உள்ளவர்கள் பயனடைந்தார்கள். ஐரோப்பிய மத்திய வங்கி 2014 ஜூனில் மைனஸ் 0.1 விழுக்காட்டில் தொடங்கி 2019-இல் மைனஸ் 0.5 வரை சென்று, 2022 ஜூலையில்தான் வெளிவந்தது. வட்டியை அதற்கு மேலும் வெகுதூரம் தாழ்த்த முடியாததற்குக் காரணம் எளியது: வங்கியில் வைத்தால் பணம் தேயும் என்றால், மக்கள் நோட்டாகவே வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் மத்திய வங்கிகளின் தலையீடு வீண் என்று சொல்வது அநியாயம். 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மாரியோ திராகி யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று அறிவித்ததையொட்டி உருவான பத்திரக் கொள்முதல் திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்கப்படவில்லை; அறிவிப்பே இத்தாலி, ஸ்பெயின் பத்திரங்களின் வட்டியை இறக்கிவிட்டது. 2008-இலும் 2020 மார்ச்சிலும் சந்தைகள் உறைந்தபோது பணம் கிடைக்கச் செய்ய மத்திய வங்கிகளைத் தவிர வேறு யாராலும் முடிந்திருக்காது. பீதியை நிறுத்துவதில் அவற்றின் ஆற்றல் பெரிது. பீதி அடங்கிய பின், விற்பனையும் ஊதியமும் முதலீடும் எழ வேண்டிய இடத்தில் அந்த ஆற்றல் வேகமாகக் குறைகிறது.

ரப்பர் ஊரில் வாழ்பவர்களுக்கு இதைக் காட்டும் சான்று கையருகிலேயே இருக்கிறது. 2011-இன் தொடக்கத்தில் ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. தாய்லாந்தின் மழை, சீனாவின் கார்த் தேவை ஆகியவற்றோடு உலகெங்கும் வழிந்த மலிவு டாலரும் அதற்குத் துணைபோனது. பால்மரக் காடுகளை அழித்துச் செம்பனை நட்டவர்கள்கூட அப்போது யோசித்தார்கள். அமெரிக்க வட்டி 2015 டிசம்பர் வரை பூச்சியத்தை ஒட்டியே இருந்தது, பத்திரக் கொள்முதலும் 2014 வரை தொடர்ந்தது. ஆனால் அதே காலத்தில் ரப்பர் விலை பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது. நல்ல விலையைப் பார்த்து 2000-களின் நடுவிலிருந்து தாய்லாந்திலும் வியட்நாமிலும் நடப்பட்ட கன்றுகள் ஆறேழு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்ததும், சீனாவின் வளர்ச்சி தளர்ந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. பணத்தின் விலை மாறவே இல்லை. எங்கள் வாடிக்கையாளரின் வருமானம் மட்டும் பாதியானது. என் கடையின் விற்பனைப் பட்டியலை ஓபிஆர் வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்தால் எந்தத் தொடர்பும் தெரியாது. கட்டிப்பால் விலையோடு ஒட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே நடக்கும்.

பெரிய நாடுகளின் மலிவுப் பணம் எங்களைப் போன்ற சிறிய நாட்டுக்கு வேறொரு கட்டுப்பாட்டையும் கொண்டுவருகிறது. 2013 மே மாதம், பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் பென் பெர்னான்கி சொன்ன அளவிலேயே, மலேசியப் பத்திரங்களுக்குள் வந்திருந்த வெளிநாட்டுப் பணம் வெளியேறத் தொடங்கி ரிங்கிட் தளர்ந்தது. 2023 ஜூலையில் அமெரிக்க வட்டி 5.25-5.50 விழுக்காட்டில் நின்றபோது இங்கே ஓபிஆர் 3.00 மட்டுமே, 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.80 ரிங்கிட் என்று, 1998-க்குப் பிறகு காணாத தாழ்வுக்கு நாணயம் விழுந்தது. என் கடையில் விற்கும் உரமும் களைக்கொல்லியும் டாலரில் வாங்கப்படுபவை. ஓபிஆரை இன்னும் தாழ்த்தித் தவணையில் எனக்குச் சில பத்து ரிங்கிட் மிச்சம் கொடுத்திருந்தால், ரிங்கிட் மேலும் விழுந்து உர மூட்டை வழியாக அதைவிட அதிகமாக எடுத்திருக்கும். உக்ரேன் போரையொட்டி 2022-இல் உர விலை தாவியபோது வட்டி எங்கே இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றுதான். உரம் தயாரிக்கும் எரிவாயுவை எந்த மத்திய வங்கியும் அச்சடிக்க முடியாது.

அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து பேங்க் நெகாரா வட்டியை ஏற்றத் தொடங்கியது. 1.75-இலிருந்து படிப்படியாக ஏறி 2023 மே மாதம் 3.00-ஐ அடைந்தது. 2020-இல் குறைந்த தவணை அப்படியே மீண்டும் ஏறியது. வியாபாரம் திரும்பியிருந்ததால் அதைச் சுமக்க முடிந்தது. மிதக்கும் வட்டிக் கடனை எடுக்கும் எவரும் இந்த ஏற்றத்தைத் தாங்கும் இடைவெளியைத் தம் கணக்கில் முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

2025 மே மாதம் வங்கிகள் கட்டாயமாக வைக்க வேண்டிய இருப்பு விகிதம் 2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டு, ஏறத்தாழ 1,900 கோடி ரிங்கிட் வங்கிகளின் கைக்கு வந்தது. ஜூலையில் ஓபிஆர் 2.75-க்கு இறங்கியது. அமெரிக்கா விதிக்கும் இறக்குமதி வரியால் வளர்ச்சி தளரலாம் என்ற முன்னெச்சரிக்கையே இவற்றின் பின்னணி. நோக்கம் சரியானது. ஆயினும் ஆகஸ்டில் மலேசியப் பொருள்கள்மீது 19 விழுக்காட்டு வரி வந்தபோது, அதைச் சுமக்கும் ஏற்றுமதியாளருக்குக் கால் விழுக்காட்டு வட்டிக் குறைப்பு எவ்வளவு கைகொடுக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். வரியை நீக்கும் அதிகாரம் வட்டிக்கு இல்லை.

எங்கள் ஊரில் பிறந்தவரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்புகளைத் திரட்டி அவர்களுக்கே தோட்டம் வாங்கித் தந்த முயற்சி அது. அந்தப் பணத்துக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, உடைமையாளராகப் போகிறவர்களும் இருந்தார்கள். இன்று வங்கிகளில் நிரம்பி வழியும் பணத்துக்கு, எங்கள் ஊர் அளவில், அப்படி ஓர் இடம் தென்படவில்லை. மறுநடவு மானியம், தரமான கன்று, கட்டிப்பாலுக்கு ஆதார விலை, ஊருக்குள் ஒரு பதனிடும் ஆலை போன்றவை அரசாங்கமும் முதலீட்டாளரும் செய்ய வேண்டியவை. இவை இருந்தால் கடனுக்குத் தேவை தானாக எழும்.

கடனுக்கு வருகிறேன். ஏற்கெனவே வாடிக்கையாளர் இருந்து, இடமோ சரக்கோ போதாமல் தவிக்கும் கடைக்கு இது தகுந்த கடன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். விற்பனை விழுந்திருக்கும்போது, வட்டி குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பவருக்கு ஐந்துக்கு ஒன்றுதான். வட்டி இறக்கச் செய்தி வந்ததும் கடன் விற்பனை அதிகாரிகள் கடைகடையாக வருவது வழக்கம். அப்போது தவணைப் பட்டியலை, வட்டியை 1 விழுக்காடு கூட்டியும் போட்டுத் தரும்படி கேளுங்கள், முன்கூட்டி அடைக்கும் பிரிவை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், வட்டி இறங்கும்போது தவணை குறையுமா அல்லது தவணைக்காலம் குறையுமா என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். 2025 ஜூலைக் குறைப்புக்குப் பின் நான் பழைய தவணைத் தொகையையே தொடர்ந்து கட்டும்படி கிளையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிஞ்சும் சில ரிங்கிட் ஒவ்வொரு மாதமும் அசலில் கழிகிறது.